மாடியில் இருப்பவளுக்கு வசனம் இல்லை

எங்கள் வானொலி நிலையத்தில் பேய்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஊரே சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் வேளை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே நான் தகரத்தை உலுக்கி இடி இடித்துக்கொண்டிருப்பேன். பயப்படுவதற்கு இதெல்லாம் ஒரு நேரமா என்று நிலைய அதிகாரியிடம் கேட்டேன். மற்ற நேரமெல்லாம் செய்திக்கும் பாட்டுக்கும் போய்விட்டது என்றார். பேய்க்கு இவ்வளவு கிடைத்ததே பெரிது என்று விட்டுவிட்டேன்.

என் வேலை சத்தம். நாடகத்தில் யாரும் பேசாதபோது கேட்பதெல்லாம் நான்தான். சல்லடையில் பட்டாணியை உருட்டினால் மழை. கண்ணாடிக் காகிதத்தை மைக்குக்குப் பக்கத்தில் கசக்கினால் தீ. ஆள் உயரச் சட்டத்தில் மாட்டிய கதவு ஒன்றும் உண்டு. அதன் கீலுக்கு எண்ணெய் போடவே கூடாது. துரு எங்களுக்குச் சொத்து. ஒரு முறை துப்புரவுக்கு வந்த புது ஆள், பாவம், நல்ல மனதோடு எண்ணெய் போட்டுவிட்டார். அந்த வாரம் பங்களாக் கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. கதாநாயகி எதற்கு இப்படி வீறிடுகிறாள் என்று நேயர்கள் போன் போட்டுக் கேட்டார்கள்.

நாடகம் எழுதுகிறவரை முதுகுக்குப் பின்னால் பங்களா சார் என்போம். பங்களா இல்லாமல் அவர் ஒரு கதை எழுதியதில்லை. "இது சாதாப் பேய்க்கதை இல்லம்மா, கோதிக்" என்பார். கடல் கடந்து வந்த சரக்கு, இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு, அதற்கென்று ஒரு இலக்கணமே இருக்கிறது என்பார். ஒத்திகையில் யாராவது வாய்தவறி ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால் போச்சு, டீ ஆறிப்போகும்வரை பாடம் நடக்கும்.

"வீடுதான் முதல் பாத்திரம். ஆளுங்க எல்லாம் அப்புறம். சுவர்ல ஒரு விரிசல் இருந்தா குடும்பத்துலயும் ஒரு விரிசல் இருக்கணும். வெளிய புயல் அடிச்சா உள்ள ஒருத்தர் மனசுலயும் அடிக்குதுன்னு அர்த்தம். மழை சும்மா பெய்யக் கூடாது."

"சும்மா பெய்யற மழைக்கும் இதே பட்டாணிதான் சார்," என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல மனுஷர். சொந்த வீட்டில் கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிறவர்.

அந்தத் தடவை ஓடிக்கொண்டிருந்த தொடரில் எல்லாமே இலக்கணப்படி இருந்தது. மலை மேல் ஒரு பங்களா. அங்கே பழைய ஓவியங்களைப் பழுது பார்க்க ஒரு இளம்பெண் தனியாக வருகிறாள். கோதிக்கில் பெண் தனியாகத்தான் வர வேண்டுமாம். பங்களா முதலாளி ஒரு சிடுமூஞ்சி. கூடத்தில் ஒரு படம், அதில் இரண்டு குழந்தைகள், ஒன்றின் முகத்தை மட்டும் சாயம் பூசி மறைத்திருக்கிறார்கள். மாடியில் ஒரு பூட்டிய அறை. அறைக்குள் இருப்பது முதலாளியின் அக்கா. சொத்துக்காகவோ மானத்துக்காகவோ, புத்தி பேதலித்தவள் என்று சொல்லிச் சின்ன வயதிலேயே அடைத்துவிட்டார்கள். அவளுக்கு வசனம் கிடையாது. சிரிப்பாள், கதவைப் பிறாண்டுவாள், அலறுவாள். பிறாண்டல் என்னுடையது. மற்ற இரண்டுக்கும் என் தோழி.

அவளுக்கு அலறல் என்று பெயர் வைத்தது நான். எனக்குச் சத்தம் என்று பெயர் வைத்தது அவள். இரண்டு பேரும் ஒரே வருஷம் நிலையத்தில் சேர்ந்தவர்கள். மைக்குக்கு முன்னால் ஊரைக் கூட்டுகிறவள், வெளியே வந்தால் காய்க்காரரிடம்கூடக் குரல் உயர்த்திப் பேரம் பேச மாட்டாள். கணவர் போய்விட்டார். ஒரே பெண், கட்டிக்கொடுத்தாயிற்று. "இப்ப நானும் நாலு சுவரும்தான்" என்பாள்.

தொடரில் எல்லோரும் பேசிக்கொண்டது அவளுடைய சிரிப்பைப் பற்றித்தான். எதையோ நினைத்துக்கொண்டு அடித்தொண்டையில் தொடங்கும், மெல்ல ஏறும், யாரோ வாயைப் பொத்தியதுபோல் சட்டென்று நின்றுவிடும். மளிகைக் கடையில் குழந்தைகள் அதைச் சிரித்துக் காட்டி ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொண்டிருந்தன. எங்கேடி பிடிச்ச இதை என்று கேட்டேன். "எங்கயோ கேட்டது," என்றாள்.

கடைசிப் பகுதிக்கான ஒத்திகைக்கு அவள் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பக்கங்களை எடுத்துக்கொண்டு நானே வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் என்னை வாசலைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. எப்போது போனாலும் வீடு குப்பையாகக் கிடக்கிறது என்று கதவோரமாகவே நின்று பேசி அனுப்பிவிடுவாள். அன்றும் அதையே சொன்னாள். "குப்பைய நான் பார்த்ததே இல்லையா, நகருடி" என்று நுழைந்துவிட்டேன்.

உள்ளே குப்பையும் இல்லை, ஒன்றும் இல்லை. துடைத்துவைத்த கூடம், இரண்டு நாற்காலி, மூலையில் மாடிப்படி, படி தொடங்கும் இடத்தில் ஒரு திரை. சுவரில் விரிசல்கூடக் கிடையாது, புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். டீ போட்டுக் கொண்டுவந்தாள். அதற்குமேல் தொண்டை ஒத்துழைக்காமல், படித்துக் காட்டு என்று கையால் சைகை செய்தாள்.

எனக்கு நடிக்க வாய்ப்புக் கிடைப்பதே அபூர்வம். எழுந்து நின்று எல்லாருடைய வசனத்தையும் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். பங்களாவில் தீப்பிடிக்கிறது. இளம்பெண்ணை முதலாளி வெளியே இழுத்து வருகிறார். மாடியில் அக்கா மாட்டிக்கொள்கிறாள். அலறல். கூரை சரிகிறது. முதலாளி பெருமூச்சு விட்டுச் சொல்கிறார்: 'முடிந்தது. இனிமேல்தான் இந்த வீட்டுக்கு நிம்மதி.'

அப்போது அந்தச் சிரிப்புக் கேட்டது.

அடித்தொண்டையில் தொடங்கி, மெல்ல ஏறி, சட்டென்று நின்றது. அலறல் எனக்கு எதிரே டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது.

தகரமும் பட்டாணியுமாக ஊரைப் பயமுறுத்தியே காலத்தை ஓட்டியவள் நான். எனக்கே குலை நடுங்கியது. பட்டப்பகல், தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம், டீயில் ஆவி பறக்கிறது. "ஏய், யாருடி அது?" என்றேன். அலறல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கட்டிய தொண்டையில் துண்டு துண்டாகச் சொன்னாள். கட்டிக்கொடுத்தது சின்னவளை. மாடியில் இருப்பவள் மூத்தவள்.

"படிப்பு முடிக்கிற சமயத்துல அவளுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. உடம்பு என்ன உடம்பு, மனசு. காதுல யாரோ பேசறாங்கன்னு சொன்னா. டாக்டர் மருந்து கொடுத்தார், நல்லாத்தான் கேட்டுச்சு. அந்த நேரம் பார்த்துச் சின்னவளுக்குச் சம்பந்தம் பேசி வந்தாங்க. எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாங்க. ஒரே பொண்ணுன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்ட."

"ஒரு தடவதான் சொன்னேன். அப்புறம் அதையே சொல்லிட்டு இருக்கறதாப் போச்சு. சம்பந்தி வீடு இதே ஊரு. சொல்லாமக் கொள்ளாம வருவாங்க. மணி அடிச்சா இவ மேல போயிடுவா, அவங்க போனதும் கீழ வருவா. அப்புறம் ஒரு நாள் கீழ வரல. நான் பூட்டலடி. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்ற கோபம் முதலில். அது அற்பமான கோபம் என்று தெரிந்தும் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் தனியாக இதைச் சுமந்துகொண்டு, ஞாயிறு தவறாமல் வந்து அலறிவிட்டுப் போயிருக்கிறாள். திரையை விலக்கிக்கொண்டு படியேறினேன்.

அறை வெளிச்சமாக இருந்தது. ஜன்னலோரம் பாய் விரித்து ஒருத்தி உட்கார்ந்து மருந்துக் கடைக்கான காகித உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். தலை படிய வாரிப் பின்னியிருந்தாள். பக்கத்தில் பசைக் கிண்ணம், ஒரு சின்ன ரேடியோ. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் கதவா?" என்றாள்.

"கதவும் நான்தான். மழையும் நான்தான்."

"மழை நல்லாருக்கு. பிறாண்டறதுதான் சரியில்ல. அவ எதுக்குப் பிறாண்டணும், எலியா அவ?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், அதே சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அதில் பயமுறுத்த ஒன்றுமே இல்லை. கூச்சப்படுகிற பெண்ணின் சிரிப்பு. பாதியில் தானே கையால் வாயை மூடிக்கொள்கிறாள், அதனால்தான் அப்படிச் சட்டென்று நிற்கிறது.

"அம்மா என் சிரிப்பை நல்லா சிரிக்கறாங்க. முதல் நாள் கேட்டப்ப நானே பயந்துட்டேன். மதியம் நான் தூங்குவேன்னு நினைச்சுட்டு இருக்காங்க."

ஒரு உறையை மடித்து ஓரத்தை விரலால் நீவினாள்.

"கொளுத்திடறீங்க இல்ல, கடைசியில?"

நான் ஒட்டிய உறை ஒன்றை எடுத்துப் புரட்டினேன்.

"இப்ப நீங்க படிச்சது கேட்டுச்சு. அவ போயிட்டா வீட்டுக்கு நிம்மதின்னு எழுதியிருக்கார். சரியாத்தான் எழுதியிருக்கார்." குரலில் வருத்தம்கூட இல்லை. கடையில் சாமான் எடை சரி என்று சொல்கிறவள் மாதிரி சொன்னாள். "மாத்திரையெல்லாம் இனிமே எதுக்குன்னு யோசிச்சுட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை கேட்டுட்டு முடிவு பண்ணிக்கலாம்."

படியிறங்கி வந்தேன். கீழே அலறல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடி. சின்னவ வாழ்க்கை போயிடும்," என்றாள். மேலே இருப்பவள் வாழ்க்கை இந்த ஞாயிற்றுக்கிழமை போகப் பார்க்கிறதடி என்று சொன்னேன். மாத்திரையைக் கையில் வைத்து விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நில் என்றும் சொன்னேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

மறுநாள் காலை பங்களா சாரை நிலையத்து டீக்கடையில் பிடித்தேன். காரணத்தைச் சொல்ல முடியாது, கையைக் கட்டிப்போட்ட நிலைமை.

"சார், அக்காவைக் கொளுத்த வேண்டாம்."

"ஏம்மா? கண்ணாடிக் காகிதம் தீந்துபோச்சா?"

"விளையாடாதீங்க சார். அவ என்ன பாவம் பண்ணினா?"

அவர் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாடம் எடுக்கிற முகம் இல்லை. "ஒண்ணும் பண்ணல. இந்த மாதிரிக் கதையில மாடியில இருக்கறவ எப்பவும் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டா. பண்ணினது எல்லாம் கீழ இருக்கறவங்க. அவங்க பார்க்கப் பிடிக்காம ஒளிச்சு வெச்சதுதான் அவ. எத்தனை பூட்டினாலும் பழசு மேல வரும், அதான் கோதிக். வந்ததும் என்ன பண்றதுன்னு எழுதறவனுக்குத் தெரியாது. நெருப்பு வெச்சுடுவான்."

"அப்ப தெரியாமத்தான் வெச்சீங்களா?"

"வேற என்ன? அவளை வெளிய கூட்டிட்டு வர நானும் உட்கார்ந்து பார்த்தேம்மா. கதவைத் திறந்தாச்சு, அவ வெளிய வந்தாச்சு, என்ன பேசுவா? எழுதினதெல்லாம் ஒப்பாரியா வருது, இல்லேன்னா சாபமா வருது. அவ பேசாத வரைக்கும்தான் பேய். வாயைத் திறந்துட்டா ஆளு. ஆளைக் கொளுத்தினா நேயர் ஒத்துக்க மாட்டான். எனக்கு ஒரு வரி கிடைக்கல, அவ்வளவுதான் விஷயம்."

"வரி கிடைச்சா?"

"நம்பற மாதிரி ஒண்ணு கொண்டாங்க. தீயை நானே அணைக்கறேன்."

அன்று சாயங்காலமே திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். அலறலுக்குத் தொண்டை தேவலையாகியிருந்தது. அவளை விட்டுவிட்டு நேரே மாடிக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். ஒட்டு வேலையில் ஒரு கை கொடுத்தேன். நான் ஒட்டிய உறைகளை அவள் எடுத்துப் பார்த்துவிட்டுத் தனியாக ஒதுக்கி வைத்தாள்.

"கதையில அந்த அக்கா வெளிய வந்தா என்ன பேசுவா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எழுதறவருக்குத் தெரியலையாம்."

அவள் யோசிக்காமல் வாயைத் திறந்தாள். அதற்குள் கீழே மணி அடித்தது. கதவு திறக்கும் சத்தம். பக்கத்து வீட்டுக்காரி யாரோ கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள் போலிருக்கிறது. மாடியில் பேச்சுக்குரல் கேட்கிறதே, விருந்தாளியா என்று கேட்டாள். "மேல யாரும் இல்லீங்க, ரேடியோ," என்றாள் அலறல். கதவைச் சாத்தும் சத்தம்.

பலகைத் தளம். ஒவ்வொரு சொல்லும், சொல்லுக்கு முன்னால் அலறல் மூச்சு இழுத்தது உள்பட, காதருகே பேசியதுபோல் கேட்டது. சத்தமே பிழைப்பாக இருக்கிற எனக்கு அது வரை தோன்றாத விஷயம். இந்த வீட்டில் சம்பந்திகள் வந்துபோன பேச்செல்லாம், ஒரே பொண்ணு ஒரே பொண்ணு என்று சொன்னதெல்லாம், நான் நேற்று ஏற்ற இறக்கத்தோடு நடித்துக் காட்டியதெல்லாம் இப்படித்தான் வந்திருக்கிறது.

அவள் பசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கீழ நீங்க பேசறது எல்லாம் எனக்குக் கேக்குது. இதைத்தான் சொல்லுவா. வேற என்ன சொல்லப்போறா?"

கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. பாவம், தாங்க மாட்டாங்க," என்றாள்.

பங்களா சாரிடம் அந்த வரியைச் சொன்னேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் மாட்டிக்கொண்டார். "இவ்வளவு நாளா இதுதான் கதை. நான் பங்களாவைச் சுத்திட்டு இருந்திருக்கேன்," என்றார். கடைசிக் காட்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். தீ இல்லை. கதவு திறக்கும், அக்கா அந்த வரியைச் சொல்வாள், முதலாளி தலைகுனிவார், அவள் படியிறங்கி வருவாள். எழுதி முடிக்கும்போது ஞாயிறு காலை ஆகிவிட்டது. ஆளுக்கொரு பிரதி ஸ்டூடியோவில் வைத்துத்தான் கொடுக்க முடிந்தது.

மாடியில் இருப்பவள் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அலறலிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நெருப்பு இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க நேரம் இருக்கவில்லை, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. எங்கள் நாடகமெல்லாம் நேரடி ஒலிபரப்பு. வாயிலிருந்து வந்தது வந்ததுதான், திரும்ப எடுக்க முடியாது.

கடைசிக் காட்சி வந்தது. நான் கதவைத் திறந்தேன், துரு தன் வேலையைச் செய்தது. முதலாளியாக நடிப்பவர் மற்ற நாளில் வங்கியில் குமாஸ்தா, அவர் நடுங்கும் குரலில் "அக்கா..." என்றார். அலறல் பக்கத்தைத் திருப்பி மைக்கருகே வந்தாள். எப்போதும்போல் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கீழ நீங்க பேசறது எல்லாம்..."

அங்கே நின்றுவிட்டாள். கண் அந்த வரியின் மேலேயே இருந்தது. மெல்ல முடித்தாள். "...எனக்குக் கேக்குது."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்த வரி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

அடுத்த வசனம் குமாஸ்தாவுடையது. அவர் வாயைத் திறப்பதற்குள் அலறல் பேசினாள். நடிக்கிற குரல் இல்லை, காய்க்காரரிடம் பேசுகிற குரல்.

"எல்லாமா கேட்டுச்சு? ஒரே பொண்ணுன்னு சொன்னேனே, அதுவுமா?"

இது யாருடைய பிரதியிலும் இல்லை. குமாஸ்தா முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய அதிகாரி எழுந்துவிட்டார். நடிகர்கள் உளறினால் என்ன செய்வது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு: நான் இடி இடிக்க வேண்டும். ஒரு இடியில் எந்த உளறலும் காணாமல் போய்விடும். அவர் இரண்டு கையையும் ஆட்டி என்னிடம் இடி கேட்டார். தகரம் என் கையில்தான் இருந்தது.

உலுக்கவில்லை. சத்தம் வராமல் இருக்க அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ரெண்டு பொண்ணு," என்றாள் அலறல் மைக்கிடம். "மூத்தவ மேல இருக்கா. இத்தனை வருஷமா என்கூடத்தான் இருக்கா. உடம்பு சரியில்ல, மருந்து சாப்பிடறா, நல்லாருக்கா. அவ இல்லேன்னு நான்தான் பொய் சொன்னேன். அவ சிரிப்பைத்தான் நீங்க எல்லாரும் கேட்டீங்க. அது பயமுறுத்தற சிரிப்பு இல்லீங்க."

கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரி ஒலிபரப்பை நிறுத்தும் விசைக்குக் கை நீட்டுவதைப் பார்த்தேன். பங்களா சார், கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிற அதே மனுஷர், அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு எதுவோ சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியே எனக்குக் கேட்கவில்லை. குமாஸ்தாவுக்கு எங்கிருந்து தோன்றியதோ, "வா அக்கா, கீழ போகலாம்," என்றார். நான் மரப்பெட்டி மேல் செருப்பைத் தட்டித் தட்டி ஒவ்வொரு படியாக இறங்கினேன். முடிவு இசை வந்தது.

விளக்கு அணைந்ததும் அதிகாரி உள்ளே வந்து கத்தினார். நிலையத்துப் போன் ஓயாமல் அடித்தது. அதில் ஒன்று சம்பந்தியம்மாளுடையது என்று ஆபரேட்டர் வந்து சொன்னார். அலறல் வெளிறிப்போனாள். "அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க. முதல்ல வீட்டுக்குப் போகணும்," என்றாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

வாசல் கதவைத் திறந்த வேகத்தில் அப்படியே விட்டுவிட்டு, கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றாள். அதற்குமேல் கால் நகரவில்லை. ஏறவும் பயம், கூப்பிடவும் பயம். நான் வாசற்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். மேலே பாய் சரசரத்தது.

"வந்துட்டேன்," என்றாள் அலறல்.

"கேட்டுச்சு," என்றது மேலேயிருந்து குரல்.

"நாடகம்... கேட்டியாடி?"

திரை விலகியிருந்த இடுக்கில், படியின் உச்சியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"கேட்டேன். கடைசியில ரேடியோ கரகரன்னுச்சு. நீ சொன்னது சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லும்மா."

தெருக்கதவு அகலத் திறந்து கிடந்தது. நாங்கள் ஓடிவந்ததைப் பார்த்து எதிர்வீட்டம்மாவும் சைக்கிள் கடைக்காரரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். கதவைச் சாத்தட்டுமா என்று நான் சைகையில் கேட்டேன். அலறல் வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு தெருப் பக்கம் திரும்பி, அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே, கிழிந்துபோன தொண்டையில் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள்.